பல்பு எரிந்த அலமாரி

பொகவந்தலாவை பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த காலம் முழுவதும் என் கணவருக்கு ஒரே ஒரு பயம்தான். பூஞ்சணம். மற்ற மனிதர்கள் பேய்க்கும் பாம்புக்கும் பயப்படுவார்கள். இவர் லென்ஸுக்குள் வளரும் வெள்ளை நூலுக்குப் பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. எங்கள் ஊரின் மூடுபனியில் கழற்றிப் போட்ட சப்பாத்து ஒரு வாரத்தில் பச்சை பிடித்துவிடும். அதனால் மலைநாட்டு ஸ்டூடியோக்காரர்கள் செய்வதையே அவரும் செய்தார். ஒரு மர அலமாரி, அதற்குள் கேமராக்கள், கீழ்த்தட்டில் இரவும் பகலும் எரிகிற ஒரு குண்டு பல்பு. சாமி விளக்கு அணைந்தால் சாவகாசமாக ஏற்றுவார். இந்தப் பல்பு பியூஸ் போனால் வாடிக்கையாளரை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டுக் கடைக்கு ஓடுவார்.

நான் ஹட்டனில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அந்த ஸ்டூடியோவுக்கு வேலைக்கு வந்தவள். வந்த இடத்திலேயே கல்யாணமும் ஆகிவிட்டது. அவர் வீடியோ எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவேன். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று எல்லாம் எடுத்தோம். ஆனால் எங்களை விடாமல் கூப்பிட்டது சாவுதான். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து அவ்வளவு பெண்கள் அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். இங்கே அப்பனோ ஆத்தாளோ செத்தால் அவர்களால் வர முடியாது. வேலை செய்கிற வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். ஆகவே பிணத்தைக் குளிப்பாட்டுவதிலிருந்து மண் தள்ளுவது வரைக்கும் வீடியோ எடுத்து வைப்பார்கள். அவள் வந்ததும் காட்ட வேண்டும்.

எடுப்பார்களே தவிர, அந்த கேசட்டை வீட்டில் வைத்துக்கொள்ள ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள். சாவு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிடும் என்பார்கள். "அவ வர்ற வரைக்கும் ஒங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். இப்படித் தோட்டம் தோட்டமாக இருந்த சாவுகளெல்லாம் எங்களிடம் வந்து சேர்ந்தன. கேசட்டுகளோ எங்கள் ஊரில் கிடைக்காது. கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டும். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அதே கேசட்டில் அடுத்ததை எடுத்தால் என்ன என்று அவர் கேட்டார். ஏற்றுகிற இடம் நம்பிக்கையாக இருந்தால் எடுக்கலாம் என்றேன்.

அந்த நம்பிக்கைக்காகத்தான் மூன்று டிஸ்க் வாங்கி, ஒரு கார்டில் மாட்டி, மூன்றையும் ஒரே தொகுப்பாக்கினேன். வெளியே பார்த்தால் ஒரு பெரிய டிஸ்க் மாதிரி தெரியும். உள்ளே மூன்றிலும் பிரித்துப் பிரித்து எழுதும், கூடவே ஒரு கணக்கையும் எழுதி வைக்கும். எந்த ஒன்று செத்தாலும் மற்ற இரண்டையும் அந்தக் கணக்கையும் வைத்து, செத்ததில் இருந்ததைப் புது டிஸ்கில் அப்படியே திரும்ப எழுதிவிடலாம். இரண்டு ஒன்றாகச் செத்தால்தான் எல்லாம் போச்சு. இதை அவருக்கு விளக்கியபோது, "ரெண்டும் ஒண்ணா சாகுமா?" என்று கேட்டார்.

"எதுக்குச் சாகப் போகுது? மூணும் வேற வேறதானே" என்றேன்.

அதன்பிறகு கேசட்டுகள் திரும்பத் திரும்பப் பாவனைக்குப் போயின. ஒரு தோட்டத்துக் கிழவரின் சாவுக்கு மேல் இன்னொரு தோட்டத்துப் பிள்ளையின் சடங்கு பதிவாகும். டிஸ்கில் இரண்டும் பத்திரமாக இருந்தன. நானும் நிம்மதியாகப் பிள்ளைப்பேற்றுக்கு ராகலையில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனேன்.

கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது, ஏதோ வீடு கட்டி முடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்னை அந்த அலமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கேமராக்களை மேல்தட்டுக்கு ஏற்றியிருந்தார். கீழ்த்தட்டில், பல்புக்குப் பக்கத்தில், என் கம்ப்யூட்டர் பெட்டி. முதுகுப் பலகையில் ஓட்டை போட்டு வயர்களை வெளியே இழுத்திருந்தார். கதவைச் சாத்தி, விளிம்பில் துணி வைத்து அடைத்தும் இருந்தார்.

"இந்த முறை பனி ரொம்ப மோசம். ஒன் டிஸ்குக்குள்ள பூஞ்சணம் புடிச்சா என்ன பண்றது? அதான் உள்ள வச்சிட்டேன்" என்றார்.

கதவைத் திறந்தேன். பேக்கரி அடுப்பைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. டிஸ்க் தானாகவே சூடாகிற சாமான். அதற்குக் காற்று வேண்டும், குளிர் வேண்டும். எங்கள் ஊர் அதற்குச் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தில் கதவடைத்து, பல்பு போட்டு, அவர் அதை மாதக்கணக்காக வேகவைத்திருந்தார். பெட்டியின் முன்னால், டிஸ்குக்கு ஒன்றாக இருந்த மூன்று விளக்குகளில் ஒன்று சிவப்பாக எரிந்தது. உள்ளே கார்டு பீப், பீப் என்று கத்திக்கொண்டிருந்தது.

"இது எப்போலருந்து கத்துது?"

"யூபிஎஸ் தானே? கரண்ட் போகுது, வருது. அது கத்திக்கிட்டேதான் கெடக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் கையில் குழந்தை இருந்ததே அவருடைய நல்ல காலம். பல்பைக் கழற்றிப் பின்பக்கச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தேன். அவர் பல்பு போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்றுதான் செத்திருந்தது. இரண்டு உயிரோடு இருந்தன. இதற்காகத்தானே இவ்வளவும் செய்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கொழும்புக்கு போன் பண்ணிப் புது டிஸ்க் ஒன்று அனுப்பச் சொன்னேன்.

அன்று பின்னேரமே ஒருவர் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். எங்களுக்கு மேலே உள்ள தோட்டத்தில் வேலை செய்கிறவர். அவருடைய தகப்பன் இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தச் சாவை என் கணவர்தான் எடுத்தார். இறந்தவரின் மகள், அதாவது வந்து நின்றவரின் தங்கச்சி, அப்போது அரபு நாட்டில் இருந்தாள். கைப்பிள்ளையாக இருந்த தன் மகளை இந்த அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனவள்.

"தங்கச்சி வந்துட்டாங்க. கொஞ்ச நாள்தான் லீவு, திரும்பவும் போகணும். ஞாயித்துக்கெழம கூட்டிக்கிட்டு வர்றேன். அப்பாவப் பாக்கணும்னு ஒரே புடியா நிக்கிறா" என்றார்.

அவர் சொன்னது வீடியோவைத்தான். ஆனாலும் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். அந்தச் சாவு இருந்த கேசட்டின் மேல் எப்போதோ ஒரு கல்யாணம் ஏறியிருந்தது. இனி அவளுடைய அப்பா அந்த இரண்டு டிஸ்கில் மட்டும்தான் இருந்தார்.

புது டிஸ்க் ஹட்டன் பஸ்ஸில் வந்தது. பஸ்காரர் அதைத் தன் மடியில் வைத்துக் கொண்டுவந்ததாகச் சொன்னார். மாட்டினேன். திரும்ப எழுதும் வேலை ஆரம்பித்தது. திரையில் ஒரு கோடு மெதுவாக நீளும். அது நீளுவதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றேன், பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். என் கணவர் கதவோரமாக நின்று, "எம்புட்டு ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாதி தாண்டியதும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போதுதான் டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. நகத்தால் தகரத்தைத் தட்டுகிற சத்தம். கோடு நின்றது. இரண்டாவது விளக்கும் சிவப்பாகியது.

வேறு வேறு டிஸ்க், ஒன்றாகச் சாகாது என்று சொன்னவள் நான். வேறு வேறுதான். ஆனால் மூன்றும் ஒரே அலமாரியில், ஒரே பல்புக்குப் பக்கத்தில் வெந்தவை. திரும்ப எழுதுவது என்றால் மிச்சமிருக்கிற டிஸ்க்குகள் மூச்சு விடாமல் ஓட வேண்டும். ஏற்கனவே வெந்து கிடந்தது அந்த ஓட்டத்தைத் தாங்கவில்லை. என்னுடைய கணக்கு பல்பை அறியாத கணக்கு.

கொழும்பில் இப்படிப்பட்டதைத் திறந்து எடுத்துக் கொடுக்கிற ஒருவரை விசாரித்தேன். பார்க்கலாம், வாரக்கணக்காகும், நிச்சயமில்லை என்றார். அதற்குள் அவள் விமானம் ஏறியிருப்பாள். அவள் ஒருத்தியின் அப்பா மட்டுமா? எத்தனையோ தோட்டத்துச் சாவுகள் அதற்குள் கிடந்தன. நம்பி ஒப்படைத்தவர்களின் முகங்கள் வரிசையாக வந்து நின்றன. கார்டைக் கட்டாயப்படுத்தி, சாகக் கிடப்பதை நல்ல டிஸ்க் என்றே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். அதையும் செய்தேன். எழுந்திருக்கும், கொஞ்சம் ஓடும், பிறகு டக் டக். திரும்பத் திரும்ப அதேதான். அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். என் கணவர் அதன்மேல் திருநீறு பூசலாமா என்று கேட்டார். பூசினால் கையை ஒடித்துவிடுவேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்துவிட்டாள். அண்ணன் வாசலில் நின்றுகொண்டார், அவள் மட்டும் உள்ளே வந்தாள். குளித்து, தலைமுடியை இறுக்கிப் பின்னி, கோயிலுக்குப் போகிற மாதிரி வந்திருந்தாள். எனக்கு ஒரு வாசனைச் சவர்க்காரமும் என் பிள்ளைக்கு ஒரு சட்டையும் கொண்டுவந்தாள். அவற்றை மேசைமேல் வைத்துவிட்டு, டிவிக்கு எதிரே இருந்த நாற்காலியில் தானாகவே போய் உட்கார்ந்தாள். கைக்குட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

என் கணவர் எதையோ எடுப்பதுபோல உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை. நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. டிஸ்க் கெட்டுப்போய்விட்டது, வேறு பிரதி இல்லை என்பதை அவள் விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பா செத்த செய்தி வந்தப்போ நான் அழலக்கா. அழுதா வீட்டுக்கார அம்மாவுக்குப் புடிக்காது. புள்ளைங்க பயந்துக்கும்னு சொல்லுவாங்க. சரி, ஊருக்குப் போனா ஒங்க கடையில ஒக்காந்து அழுதுக்கலாம்னு வச்சிருந்தேன்."

மடித்த கைக்குட்டையை இன்னும் ஒருமுறை மடித்தாள். எழுந்து போகவும் இல்லை.

"மகள் எங்க?" என்று கேட்டேன், வேறு பேச்சு வராமல்.

"அண்ணிகூட. எங்கிட்ட வர மாட்டேங்குது. அண்ணியத்தான் அம்மாங்குது."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. போய் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். ஏதாவது ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். நடந்ததையெல்லாம் ஆரம்பத்திலிருந்து யோசித்தபோது ஒன்று தோன்றியது. காலையில் முதன்முதலாகப் போடும்போது அது கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது. சூடேறியதும் நின்றுவிடுகிறது. சூட்டில் கெட்டது குளிரில் பிழைக்குமோ என்னவோ.

"நாளைக்கு விடியவும் வா. சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வா" என்றேன்.

தைமாதம். விடிகிற நேரத்தில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். பெட்டியின் மூடியைக் கழற்றி, பின்வராந்தாவில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்திருந்தோம். வயர்களை ஜன்னல் வழியாக வெளியே இழுத்தது என் கணவர்தான். எத்தனையோ வருஷமாகப் பனி உள்ளே வரக்கூடாதென்று துணி அடைத்து வாழ்ந்த மனிதர் ஸ்டூடியோவின் எல்லா ஜன்னல்களையும் அவர் கையாலேயே திறந்தார். மூடுபனி உள்ளே வந்து மேசை, திரை, மாலை போட்ட சாமி படம் எல்லாவற்றின் மேலும் ஈரமாகப் படிந்தது. ஒரு அட்டையை எடுத்து டிஸ்குக்கு விசிறிக்கொண்டு நின்றார். என்னை ஏறிட்டுப் பார்க்கவேயில்லை.

அன்றும் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டார். அவள் கம்பளியால் தலையை மூடிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய அப்பாவின் சாவை நான் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு வைத்திருந்தேன். குளிப்பாட்டு, வாய்க்கரிசி, பாடை, குழிமேடு. அத்தனை சாவுகளுக்கு நடுவில் எதற்குள் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. இந்தக் குளிரில் எதுவாவது ஒன்றைப் பிரதி எடுக்கலாம். அதுவும் முழுதாக வருமோ தெரியாது.

"குளிப்பாட்டுறதத்தான் எடுக்கணும். மொகம் அதுலதான் கிட்டத்துல இருக்கு. நல்லா எடுத்திருக்கேன்" என்றார் கணவர், அட்டையை விசிறிக்கொண்டே.

நான் அவளைக் கேட்டேன். "ஒண்ணுதான் வரும் தங்கச்சி. எது வேணும்?"

அவள் யோசிக்கவில்லை. வருஷக்கணக்காக யோசித்து வைத்திருந்தவள் மாதிரி உடனே சொன்னாள்.

"அப்பா மொகம் எனக்குத் தெரியும்க்கா. எனக்குப் பதிலா யாரு வாய்க்கரிசி போட்டாங்கன்னு பாக்கணும். யாராச்சும் போட்டாங்களான்னு."

செத்தவரின் வாயில் பிள்ளைகள் போடுகிற கடைசி அரிசி. மகள் இருந்தும் போடாமல் ஒரு தகப்பன் மண்ணுக்குப் போவது எங்கள் ஆட்களுக்கு எப்பேர்ப்பட்ட குறை என்று சொல்லத் தேவையில்லை. அவள் வீட்டாரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் போட்டோம் என்றுதான் சொல்வார்கள். அவளுக்குக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பெட்டியைப் போட்டேன். டிஸ்க் சுழன்றது. கார்டைக் கட்டாயப்படுத்தினேன், தொகுப்பு திறந்தது. வாய்க்கரிசித் துண்டைப் பிடித்து இழுத்து, தனியாக மாட்டிய புது டிஸ்கில் போட்டேன். கோடு நகர்ந்தது. அட்டையின் சத்தமும் குளிரில் எங்கள் பல் அடிக்கிற சத்தமும்தான் கேட்டன. அவர் கை மாற்றி மாற்றி விசிறினார். கடவுளே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் வாய்விட்டே கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

டக். டக் டக். பிறகு அந்தச் சத்தமும் இல்லை. சுழல்வது நின்றுவிட்டது. அதன்பிறகு எத்தனையோ காலைகளில் எத்தனையோ குளிரில் வைத்துப் பார்த்தும் அந்த டிஸ்க் எழுந்திருக்கவேயில்லை.

வந்தவரைக்கும் போட்டுக் காட்டினேன். லயத்து வாசல். பெஞ்சின் மேல் அவளுடைய அப்பா, தாடை கட்டியபடி. அவள் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள், கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் போட்டார். பங்காளிகள் போட்டார்கள். பெண்கள் வரிசை வந்தது. கடைசியில் அண்ணி, இடுப்பில் இவளுடைய மகளோடு. பிள்ளைக்கு அப்போது பேச்சே சரியாக வராத வயது. சுளகிலிருந்த அரிசியை அண்ணி அதன் கையில் எடுத்துக் கொடுக்க, பிள்ளை போட்டது. பாதி கீழே சிந்தியது.

அண்ணி குரல் தெளிவாகக் கேட்டது. "இது ஒனக்கு. இப்ப அம்மாவுக்குப் போடு. ஒங்கம்மா வெளிநாட்டுல இருக்காங்கள்ல, அவங்களுக்கு. எடு."

பிள்ளை சுளகுக்குள் கையை விட்டது. படம் அங்கேயே நின்றது. அதற்கு மேல் வரவில்லை. அரிசிக்குள் அந்தச் சின்னக் கை அப்படியே இருந்தது.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே அட்டையோடு நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள். எடுத்தவர் அவர்தானே.

"அண்ணே, போட்டுச்சா?"

"போட்டுச்சு" என்றார் என் கணவர். "நான்தான பாத்துக்கிட்டு இருந்தேன். கை நெறைய அள்ளிப் போட்டுச்சு. சிந்தவேயில்ல."

அதன்பிறகுதான் அவள் அழுதாள். மேசையில் தலை வைத்து, வாய்விட்டு, வெகுநேரம் அழுதாள். நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் துண்டை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தேன். சாவை வீட்டில் வைக்கக்கூடாது என்று அண்ணன் சொன்னார். நான் அரபு நாட்டுக்குக் கொண்டுபோகிறேன், அது என் வீடு இல்லை என்று சொல்லி அவள் அதைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு அவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். மேசையில் படிந்த ஈரத்தைத் துடைத்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காகப் பாதியை விட்டுவிடலாம் என்று தோன்றியது.

"நெசமாவே போட்டுச்சாங்க?" என்று கேட்டேன்.

துடைப்பதை நிறுத்தவில்லை அவர்.

"தெரியல. அந்நேரம் பாத்து தோட்டத்துச் சின்னத் தொரை மாலையோட வந்தாரு. யாரோ தோளத் தட்டி, தொரைய எடுங்க தொரைய எடுங்கன்னாங்க. கேமராவ அந்தப் பக்கம் திருப்பிட்டேன்."

நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அத்தனை நாளும் அந்த டிஸ்க்கை என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியிருந்தேன். அது இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால், அவள் சின்னத் தொரையின் மாலையைப் பார்த்திருப்பாள்.